படத்தில் புள்ளி வைப்பது யார்?



ஓர் ஊரில் களவு பெருகினால் முதலில் எந்தத் தெருவின் பெயர் அடிபடும் என்று சொல்ல எந்த விஞ்ஞானமும் வேண்டாம். கடைசியாக வந்து குடியேறியவன் எங்கே இருக்கிறானோ, அந்தத் தெருவின் பெயர்தான் அடிபடும். மூன்று நாள் கப்பலில் வந்து ஹாடோ துறைமுகத்தில் இறங்கி, கல் உடைத்து, மண் சுமந்து, வலை இழுத்து, இந்தத் தீவின் சாலைகளையும் வீடுகளையும் எழுப்பிய நம் மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. டெலானிபூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் "இதுவரை எந்தப் பக்கம் இருந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். பதிலைக் கேட்டதும் முகம் மாறிவிடுகிறது.

இதுவரை இது வாய்வார்த்தையாக இருந்தது. வாய்வார்த்தையை மறுத்துப் பேசலாம், சண்டை போடலாம். ஆனால் அதே எண்ணம் கம்ப்யூட்டரில் ஏறி, சிவப்பு வட்டம் போட்ட வரைபடமாக அதிகாரியின் மேஜைக்கு வந்துவிட்டால் அதை எதிர்த்துப் பேசுவது எப்படி? "படமே சொல்கிறதே!" என்று வாயை அடைத்துவிடுவார்கள். குற்ற வரைபடம் என்னும் இந்த முறை நாட்டின் பெருநகரங்களுக்கு வந்து வெகுநாளாயிற்று. சென்னை மாநகரப் போலீசில் ஜி.ஐ.எஸ். என்னும் புவியியல் தகவல் முறையைப் புகுத்தியது குறித்துக் குற்றவியல் அறிஞர் கே. ஜெய்சங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2004-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் தீவிலும் அது வேரூன்ற வெகுகாலம் பிடிக்காது. ஆகவே இதைப் பற்றி நாம் முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

சங்கத் தோழர்களிடம் இதைப் பேசினால் இருவிதக் கருத்து வருகிறது. "இது போலீஸ் வேலை, நமக்கு எதற்கு?" என்கிறார் ஒருவர். "விஞ்ஞானம் பொய் சொல்லாது, வரட்டும்" என்கிறார் இன்னொருவர். என் கருத்து இரண்டுமல்ல. ஒழுங்காகப் போட்ட குற்ற வரைபடம் குடிபெயர்ந்து வந்த உழைப்பாளியின் மேல் விழும் பழியைத் துடைக்கும். ஒழுங்கில்லாமல் போட்ட படம் அவன் நெற்றியில் பச்சை குத்தும். எது நடக்கும் என்பது புள்ளி வைக்கிற கையைப் பொறுத்தது. வாசலில் கோலம் போடுகிற நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புள்ளி தப்பினால் கோலம் முழுவதும் தப்பும்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். முன்பெல்லாம் போலீஸ் நிலையச் சுவரில் ஊர்ப் படத்தை மாட்டி, குற்றம் நடந்த இடங்களில் குண்டூசி குத்தி வைப்பார்கள். இப்போது அந்தக் குண்டூசி கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது. ஒவ்வொரு வழக்கும் எந்த இடத்தில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு நடந்தது என்று பதிகிறது. அதன் மேல் தெருவிளக்கு, மதுக்கடை, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், காலிமனை ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கலாம். புள்ளிகள் எங்கே கூட்டம் கூடுகின்றன, ஏன் கூடுகின்றன என்பதைத் தேடுவதுதான் இந்த ஆராய்ச்சி.

இது நேற்று முளைத்ததல்ல. 1829-இல் பிரான்ஸ் தேசத்தில் கெரி என்ற வழக்கறிஞரும் பால்பி என்ற புவியியலாளரும் மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். ஒன்று ஆளுக்கு எதிரான குற்றம், ஒன்று சொத்துக்கு எதிரான குற்றம், மூன்றாவது கல்வி. படிப்பில்லாதவன்தான் திருடுவான் என்பது அன்றைய பெரிய மனிதர்களின் நம்பிக்கை. படமோ வேறு கதை சொல்லிற்று. படிப்பு மிகுந்த வடபகுதியில்தான் சொத்துக் குற்றம் மிகுதியாக இருந்தது. 1854-இல் லண்டனில் காலரா பரவி, பிராட் தெருவைச் சுற்றி ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்று பலரும் நம்பியிருந்த அந்த நோயைக் குடிதண்ணீரோடு சேர்த்துப் பார்த்தார் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். சாவுகள் ஒரு தெருக்குழாயைச் சுற்றியே நிற்கின்றன என்று அவர் காட்டினார். குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தவனைக் குற்றவாளியாக்கவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நமக்கு இவற்றைவிட முக்கியமானது சிகாகோ. ஒவ்வொரு குடிபெயர்ந்தோர் சங்கமும் இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் அந்தத் தொழில் நகரத்துக்கு ஐரோப்பாவின் ஏழைகள் அலை அலையாக வந்தார்கள். முதலில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர், ஸ்காண்டிநேவியர். பிறகு போலந்துக்காரர், இத்தாலியர். அதற்கும் பிறகு தெற்கிலிருந்து கறுப்பின மக்கள். ஒவ்வோர் அலை வந்தபோதும் "இந்தச் சாதியே திருட்டுச் சாதி" என்று பத்திரிகைகள் எழுதின. கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மக்கே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவர்களின் வீட்டு முகவரிகளைப் பல்லாண்டுக் கணக்கில் எடுத்துப் படத்தில் குறித்தார்கள். 1942-இல் அது நூலாக வந்தது.

அவர்கள் கண்டது என்ன? ஆலைகளும் ரயில் யார்டுகளும் சூழ்ந்த, வாடகை மலிந்த, இடிந்த வீடுகள் கொண்ட நகர மையப் பகுதியில் குற்ற விகிதம் எப்போதும் உயர்ந்தே இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மானியர் இருந்தபோதும் அதே நிலைமை. அவர்கள் நாலு காசு சேர்த்து வெளியே போய், போலந்துக்காரர் வந்தபோதும் அதே நிலைமை. வெளியே போனவர்களின் பிள்ளைகளிடையே விகிதம் தானாகக் குறைந்தது! அப்படியானால் குற்றம் ரத்தத்தில் இருந்ததா? வறுமையும், ஆள் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருப்பதும், அண்டை அயலார் கூடிப் பேச ஓர் அமைப்பு இல்லாததும் சேர்ந்த அந்த இடத்தின் வாழ்நிலையில் இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதைப் புள்ளிவிவரத்தோடு நிறுவினார்கள். ஷா ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. அந்தந்தப் பேட்டை மக்களே குழு அமைத்துத் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தை 1930-களில் தொடங்கினார். நம் சங்கம் செய்ய முயல்கிற வேலைதான் அது.

இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மனும் குழுவினரும் முகவரி முகவரியாகப் பிரித்து 1989-இல் வெளியிட்டார்கள். ஊரிலுள்ள நூறு முகவரிகளில் சுமார் மூன்றே மூன்று, மொத்த அழைப்புகளில் பாதியை உண்டாக்கின. கெட்ட பேட்டை என்று பெயரெடுத்த இடத்திலும் பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் நடப்பதில்லை. ஒரு மதுக்கடை வாசல், ஒரு பஸ் நிறுத்தம், ஒரு முட்டுச்சந்து இவைதான் வேலையைச் செய்கின்றன. எனவே ஒரு வார்டு முழுவதற்கும் சிவப்பு பூசிக் காட்டுகிற படம் எதுவானாலும் அது சோம்பேறிப் படம்.

நான் ரயில்வே குமாஸ்தா. தண்டவாளமே இல்லாத தீவில் ரயில்வே குமாஸ்தாவா என்று சிரிக்கிற நண்பர்களும், சென்னையில் இறங்கியதும் ஊருக்குப் போக என்னிடம்தான் டிக்கெட் கேட்கிறார்கள்! ரயில்வேக்காரனுக்கு இந்த விஷயம் அனுபவப் பாடம். ஜன்னலோரத்தில் சங்கிலி பறிபோவது வண்டி வேகமாக ஓடும் இடத்தில் அல்ல. அவுட்டர் சிக்னலில் வண்டி ஊர்ந்து நிற்கிறதே, அங்கே. அதன் பக்கத்திலே ஒரு குடிசைப் பகுதி இருந்தால் பழி முழுவதும் அதன் தலையில். ஆனால் வண்டி அங்கே நிற்காமல் போகும்படி சிக்னல் சீரமைத்தால் சங்கிலி பறிப்பும் குறைகிறது. குடிசை அதே இடத்தில்தான் இருக்கிறது.

நியூயார்க்கில் இன்று பெரிதாகப் பேசப்படும் "காம்ப்ஸ்டாட்" முறையும் ரயிலிலிருந்து வந்ததுதான். ஜாக் மேப்பிள் என்ற சுரங்க ரயில் போலீஸ்காரர் ஐம்பத்தைந்து அடி நீளச் சுவரில் ஒவ்வொரு நிலையத்தையும் வரைந்து, எங்கே எப்போது வழிப்பறி நடக்கிறது என்று கிரேயானால் குறித்தார். 1994-இல் நகரப் போலீஸ் முழுவதும் அந்த வழிக்கு மாறியது. பலன் இருந்தது, தீங்கும் இருந்தது. படத்தில் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் புகாரையே வாங்காமல் விடுவதும், பெரிய குற்றத்தைச் சின்னதாக எழுதுவதும் நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. இலக்கு வைத்து வேலை வாங்குகிற எந்த ஆபீசிலும் இது நடக்கும். ஆபீஸ் குமாஸ்தா சொல்கிறேன், நம்புங்கள்.

புள்ளி தப்பான இடத்தில் விழுவதற்கும் என் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறார் ஒருவர். விருத்தாசலத்தருகே பெட்டி போகிறது. அவர் விழிப்பது தாம்பரத்தில். புகார் கொடுப்பது எழும்பூரில். கணக்கெடுப்பவர் கவனமாக இல்லாவிட்டால் புள்ளி எழும்பூரில் விழும். எழும்பூர் சிவக்கும், விருத்தாசலம் வெள்ளையாக இருக்கும். கம்ப்யூட்டர் என்ன செய்யும்? கொடுத்ததைத்தான் வரையும்.

இனி இந்தப் படத்தின் கொடிய பக்கம். மனிதனைப் பார்க்காமல் அவன் கூட்டத்தைப் பார்த்துக் குற்றவாளி என்று முத்திரை குத்துவதில் வெள்ளைக்காரன் கைதேர்ந்தவன். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறந்த குழந்தையும் குற்றவாளி. ஊரை விட்டு இரவில் வெளியே போகக்கூடாது. கைரேகை வைக்க வேண்டும். அதை மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். நாம் வாழும் இந்தத் தீவும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். 1858-இல் கைதிகளைக் கொண்டுவந்து கொட்டிய மண் இது. வட இந்தியாவின் பாந்து மக்களைக் குற்றப் பரம்பரை என்று சொல்லி 1920-களில் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். சுதந்திர இந்தியாவில் 1952-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் போயிற்று. அந்தக் கண் போயிற்றா?

டெல்லிப் போலீஸ் "சிமேப்ஸ்" என்ற முறையைக் கொண்டுவந்தது. அவசர அழைப்புகளைப் படத்தில் ஏற்றி, அடுத்து எங்கே குற்றம் நடக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும் திட்டம். விதுஷி மார்டா, சிவாங்கி நாராயண் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதை நேரில் ஆராய்ந்து 2020-இல் எழுதினார்கள். குடிசைப் பகுதிகளுக்கும் குடிபெயர்ந்தோர் வாழும் பேட்டைகளுக்கும் எதிராக அது சாய்கிறது என்பது அவர்கள் முடிவு. சாயாமல் எப்படி இருக்கும்? பங்களாவில் நடக்கும் சண்டை கதவுக்குள் அடங்குகிறது. ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டுச் சண்டை தெருவுக்கு வருகிறது. தெருவுக்கு வந்தது அழைப்பாகிறது, அழைப்பு புள்ளியாகிறது. புள்ளி போலீசைக் கொண்டுவருகிறது. போலீஸ் வந்தால் இன்னும் நாலு வழக்கு. நாலு வழக்கு இன்னும் நாலு புள்ளி. அமெரிக்காவின் ஓக்லண்டு நகரை வைத்து கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் இருவரும் 2016-இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். மருத்துவக் கணக்கெடுப்பின்படி போதைப் பழக்கம் நகரெங்கும் ஏறக்குறையப் பரவலாக இருந்தது. ஆனால் போலீஸ் ஏட்டை மட்டும் கொடுத்துக் கணித்தால் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கே திரும்பத் திரும்பப் போலீசை அனுப்பச் சொல்லிற்று. சாண்டா குரூஸ் என்ற நகரம் 2020-இல் இத்தகைய முன்கணிப்பையே தடை செய்தது.

சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகர் எப்படி உண்டாயிற்று என்று உங்களில் பலருக்குத் தெரியும். நகரத்தின் குடிசைகளைப் பிடுங்கி, 2000-க்குப் பிறகு, வேலை இருக்கும் இடத்திலிருந்து வெகுதூரத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் பின்னால் வந்தன. கெட்ட பெயர் முன்னாலேயே வந்துவிட்டது. வேலைக்கு மனுப் போடும் பையன் முகவரியை மறைக்க வேண்டிய நிலை. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்தார் என்றதும் ஊரே வியந்தது. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உழைத்துப் பிழைக்கின்றன என்பதை அந்த வியப்பு மறந்துவிட்டிருந்தது.

சரி, நம் தீவுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே மக்கள்தொகை 3,80,581. குற்றத்தை லட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். நாலு கொலை கூடினாலே இங்கே விகிதம் ஒன்று ஏறிவிடும். ஏழு கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டில் அதே நாலு கொலை கண்ணுக்கே தெரியாது. பத்திரிகையில் "தீவில் குற்றம் பாய்ச்சல்" என்று போட்டால் உடனே வெளியூர்க்காரனைத் தேடாதீர்கள், வகுத்த எண்ணைக் கேளுங்கள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வந்து போகும் சுற்றுலாப் பயணிகள் அந்த மூன்று லட்சத்து எண்பதாயிரத்தில் இல்லை. ஒப்பந்த வேலைக்கு வந்து ஆறு மாதத்தில் திரும்பும் நம்மவர்களும் பலர் இல்லை. கப்பல் வரும் நாளில் ஹாடோவிலும், மாலையில் அபர்தீன் பஜாரிலும் நிற்கும் கூட்டத்தை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணவில்லை. நடமாடுகிற தலைகளை எண்ணாமல் அறுந்த பைகளை மட்டும் எண்ணினால் வருவது அரைக் கணக்கு.

நேரத்தையும் பாருங்கள். சென்னை, டெல்லிக் கடிகாரத்தையே நாமும் வைத்திருக்கிறோம். ஆனால் நம் சூரியனுக்கு அந்தக் கடிகாரம் தெரியாது. மார்கழியில் ஐந்து மணிக்கே இருட்டுகிறது. வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்களும் மாலைப் பள்ளி விடும் பிள்ளைகளும் இருட்டிலேதான் மேடேறி வீடு வருகிறார்கள். "இரவு எட்டு மணிக்குமேல் ரோந்து" என்று பெருநிலத்தில் எழுதிய திட்டத்தை அப்படியே இங்கே ஒட்டினால், மூன்று மணி நேரத்துக்கு ஆள் இல்லாத இருட்டு.

பிறகு, படத்தில் ஏறாமலே போகிற குற்றங்கள். 2024 நவம்பரில் பேரன் தீவுக்கருகே மியான்மர் மீன்பிடிப் படகிலிருந்து ஐயாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட மெத் என்ற போதைப்பொருளைக் கடலோரக் காவல்படை பிடித்தது. அத்தனை பெரிய புள்ளியை எந்த வார்டில் வைப்பது? 2025-இல் இங்குள்ள மாநிலக் கூட்டுறவு வங்கியின் கடன் மோசடிப் புகார் அமலாக்கத்துறை வரை போய்க் கைதும் நடந்தது. அந்தப் புள்ளி எந்தத் தெருவில் விழும்? ஒப்பந்தக்காரன் மூன்று மாதக் கூலியைக் கொடுக்காமல் ஓடினால் அது களவு என்றே யாரும் எழுதுவதில்லை. செல்போன் பறிப்பு புள்ளியாகிறது, கூலிப் பறிப்பு ஆவதில்லை! வீட்டு வேலைக்குப் போன இடத்தில் நடக்கும் கொடுமை புகாராகவே வருவதில்லை. வராத புகார் படத்தில் வெள்ளை நிறம். வெள்ளையைப் பார்த்து நல்ல இடம் என்று நினைப்பார்கள். (2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் தரலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. இதை வீட்டுப் பெண்களுக்குச் சொல்லி வையுங்கள்.)

போலீஸ் படம் போடுவதானால் நாம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. குற்றம் நடந்த இடத்துக்குப் புள்ளி வைக்கட்டும். பிடிபட்டவன் வீட்டுக்கு வைக்கக்கூடாது. இரண்டும் வேறு வேறு படங்கள். அவற்றைக் குழப்பினால் அபர்தீனில் பை அறுத்தவனுக்காக டெலானிபூர் சிவக்கும். வழக்குப் பதிந்ததையும் தண்டனை ஆனதையும் பிரித்துக் காட்டட்டும். விடுதலையானவனின் புள்ளியை எடுக்கட்டும். எந்தச் சமூகம், எந்த மொழி என்ற விவரம் படத்தில் ஏறவே கூடாது. படம் பூட்டிய அலமாரியில் இல்லாமல் மக்கள் பார்வைக்கு வரட்டும். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் கீழுள்ள நம் தீவில் மனுக் கட்டணம் பத்து ரூபாய்.

ஆனால் அவர்கள் படம் வரும்வரை நாம் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் படத்தை நாமே முதலில் போடுவோம். டெல்லியில் "சேஃப்டிபின்" என்ற அமைப்பினர் 2013 முதல் இப்படித்தான் செய்தார்கள். வெளிச்சம் உண்டா, நடைபாதை உண்டா, ஆள் நடமாட்டம் உண்டா என்று தெருத் தெருவாகக் குறித்து, ஆயிரக்கணக்கான இருட்டு இடங்களை அரசாங்கத்துக்குக் காட்டினார்கள். விளக்குகள் வந்தன. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு டிரேசிங் தாள், கலர்ப் பென்சில், நாலு ஆள் போதும். எரியாத விளக்குக் கம்பம், கைப்பிடி இல்லாத படிக்கட்டு, கள்ளச் சாராயம் விற்கும் மூலை, கந்துவட்டிக்காரன் வந்து நிற்கும் டீக்கடைப் பக்கம், கூலி பாக்கி வைத்த கட்டட மனை, காலியாகக் கிடக்கும் வீடு ஆகியவற்றைக் குறியுங்கள். மனிதர் பெயரோ வீட்டு எண்ணோ எழுதவே கூடாது. நாமே நம் ஆளுக்கு முத்திரை குத்துகிற வேலை நமக்கு வேண்டாம். ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும், ஒன்று நகராட்சிக்கு, ஒன்று போலீஸ் நிலையத்துக்கு. விளக்கு எரிந்தபின் அதே இடத்தில் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

டெலானிபூர்த் தோழர்கள் தங்கள் பகுதிப் படத்தை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜங்கிளிகாட், ஹாடோ கிளைகள் அதற்கடுத்த மாதம். ஒரு நிபந்தனை: ஆண்கள் மட்டும் உட்கார்ந்து வரைந்த படத்தைக் கூட்டம் வாங்காது. மாலை ஐந்தரை மணிக்கு எந்த வளைவில் நடையை எட்டிப் போட வேண்டியிருக்கிறது என்பது அந்த வழியில் தினமும் ஏறி வருகிற பெண்களுக்குத்தான் தெரியும்.